உரிமையாளர்களே, 1928-ஐக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்

அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்து லீகான மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) கிளப்புகளின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதும் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. மெஸ்ஸிக்காக உங்கள் லீகைப் பார்க்கத் தொடங்கி, அப்புறம் மற்ற ஆட்டங்களையும் விடாமல் பார்க்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்கிறேன்.

2023 டிசம்பரில் ஒரு அறிவிப்பு விட்டீர்கள். எல்லா நிலைக் கிளப்புகளும் மோதும் தேசியக் கோப்பையான யு.எஸ். ஓபன் கப்புக்கு அடுத்த ஆண்டு உங்கள் முதல் அணிகள் வராது, உங்கள் கீழ்நிலை லீகான எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் ப்ரோவில் ஆடும் இளம் அணிகளே வரும் என்றீர்கள். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பேரம் படிந்து, 2024-இல் எட்டு கிளப்புகளின் முதல் அணிகள் மட்டும் ஆடின. 2025-இல் பதினாறு. நீங்கள் சொன்ன முக்கியமான காரணம், அட்டவணையில் இடமில்லை என்பது.

இந்தக் காரணத்தை உங்கள் நாட்டுக் கால்பந்து முன்பே கேட்டிருக்கிறது. அப்போது நடந்ததைத்தான் நினைவூட்ட வந்தேன்.

1921-இல் தொடங்கிய அமெரிக்கன் சாக்கர் லீகைச் சும்மா ஒரு பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1924-25 சீசனில் பெத்லஹேம் ஸ்டீல் என்ற உருக்காலை அணிக்காக ஆர்ச்சி ஸ்டார்க் 44 ஆட்டங்களில் 67 கோல் போட்டார். உங்கள் லீகில் ஒரு சீசனுக்கான சாதனை, 2019-இல் கார்லோஸ் வேலா போட்ட 34. அன்று ஸ்காட்லாந்திலிருந்தும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். 1926-இல் வியன்னாவின் ஹகோவா அணி நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஆடியபோது கூட்டம் 46,000.

அந்த உரிமையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஃபால் ரிவர் அணியை நடத்திய சாம் மார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் இருந்தது மாசசூசெட்ஸில். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மில் தொழிலாளிக்கோ ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எல்லையைத் தாண்டி ரோட் ஐலண்டின் டிவர்டனில் போய் மைதானத்தைக் கட்டிவிட்டார். சட்டம் அந்தப் பக்கம், ஆட்டம் இந்தப் பக்கம். டிக்கெட் வாங்குகிறவன் எங்கே, எப்போது வருவான் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்டவர்கள்தான் கோப்பையோடு மோதினார்கள். இன்று நீங்கள் ஓபன் கப் என்று அழைப்பது அன்று நேஷனல் சேலஞ்ச் கப். 1913-14-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதுதான் அதன் அழகு. உரிமையாளர்களுக்கு அதுவே தலைவலி. லீக் சீசன் நடுவில் ஆட்டம் வருகிறது, வசூலில் கூட்டமைப்புக்குப் பங்கு போகிறது என்று புகார். 1924-25-இலேயே லீக் கிளப்புகள் கோப்பையைப் புறக்கணித்தன. மாசசூசெட்ஸின் ஷாஷீன் என்ற கம்பளி ஆலைக் கிராமத்தின் அணி அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

1928-இல் விஷயம் முற்றியது. எந்தக் கிளப்பும் கோப்பையில் ஆடக்கூடாது என்று லீக் முடிவெடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டுதான் நியூயார்க் நேஷனல்ஸ் என்ற லீக் அணி கோப்பையை வென்றிருந்தது. அதன் முதலாளி சார்லஸ் ஸ்டோன்ஹாம், பேஸ்பாலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை வைத்திருந்தவர். பேஸ்பாலில் முதலாளிகளுக்கு மேலே இன்னொரு அமைப்பு கிடையாது. கால்பந்திலோ லீகுக்கு மேலே தேசியக் கூட்டமைப்பு, அதற்கும் மேலே ஃபிஃபா. அட்டவணை ஒரு சாக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. யார் பெரியவன் என்பதுதான் அங்கே கேள்வி.

பெத்லஹேம் ஸ்டீல், நியூயார்க் ஜயன்ட்ஸ் (ஸ்டோன்ஹாமின் பேஸ்பால் அணி இல்லை, அதே பெயரில் இருந்த வேறொரு கால்பந்து கிளப்), நெவார்க் ஆகிய மூன்று கிளப்புகள் மட்டும் லீகின் சொல்லை மீறிக் கோப்பையில் சேர்ந்தன. லீக் அவற்றை இடைநீக்கம் செய்தது. கூட்டமைப்பு பதிலுக்கு லீகையே இடைநீக்கம் செய்தது. கூட்டமைப்பின் ஆதரவோடு ஈஸ்டர்ன் சாக்கர் லீக் என்று போட்டியாக இன்னொன்று முளைத்தது. இருக்கிற கூட்டத்தையும் காசையும் இரண்டு லீகுகள் பங்கு போட்டுக்கொண்டன. ஃபால் ரிவர் அந்த சீசனில் லீகை வென்றது, ஆனால் அது கூட்டமைப்பு ஏற்காத லீக். கோப்பையை வென்றது எதிர் லீகில் ஆடிய நியூயார்க் ஹகோவா. இரண்டு அணிகளில் எது பெரியது என்று மைதானத்தில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பை ரசிகனிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

1929 இலையுதிர் காலத்தில் சமரசம் வந்தது. அதே நேரத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. லீகைக் கொன்றது பொருளாதார மந்தம்தான் என்று நீங்கள் வாதாடலாம், அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் மந்தம் வந்தபோது கிளப்புகளின் கையிருப்பு சண்டையில் கரைந்திருந்தது. 1930-இல் பெத்லஹேம் ஸ்டீல் கலைக்கப்பட்டது. கோப்பையை ஐந்து முறை வென்ற அணி அது! அதே ஆண்டு முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை போனது, ஃபால் ரிவரின் பெர்ட் பாட்டனோட் உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அடித்தார். ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1933-க்குள் லீக் போய்விட்டது.

உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஒத்துக்கொள்கிறேன். உங்களிடம் சொந்த மைதானங்கள் இருக்கின்றன, தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது. ஓபன் கப்பின் பரிசுத்தொகை சொற்பம், ஒளிபரப்பு சுமார், வாரநாள் இரவில் கூட்டம் குறைவு. இதெல்லாம் நிஜமான குறைகள். கூட்டமைப்பு சரிசெய்ய வேண்டியவை. ஆனால் லீக்ஸ் கப் என்று மெக்சிகோ கிளப்புகளோடு சேர்ந்து புதிதாக ஒரு போட்டியையே உங்கள் அட்டவணைக்குள் நுழைத்தீர்களே, அதற்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது?

2022-இல் இரண்டாம் நிலை லீகின் சாக்ரமென்டோ ரிபப்ளிக், உங்கள் கிளப்புகள் மூன்றை அடுத்தடுத்து வெளியேற்றி இறுதி ஆட்டம் வரை வந்தது. கீழ்நிலையிலிருந்து மேலே ஏற வழியில்லாத உங்கள் அமைப்பில், அந்த ஊர்க்காரனுக்கு உங்களோடு நேருக்கு நேர் மோதக் கிடைக்கும் ஒரே வாசல் இந்தக் கோப்பை. ‘லாமர் ஹன்ட் யு.எஸ். ஓபன் கப்’ என்ற அதன் இன்றைய முழுப் பெயரில் இருக்கும் லாமர் ஹன்ட்டும் உங்களில் ஒருவர்தான், எம்.எல்.எஸ்.ஸைத் தொடங்கி வைத்த முதலாளிகளில் ஒருவர்.

2027-இல் உங்கள் சீசனைக் கோடையில் தொடங்கி மறு ஆண்டு வசந்தத்தில் முடிப்பதாக மாற்றப்போகிறீர்கள். அட்டவணை முழுவதையும் கலைத்து அடுக்கும் வேலை அது. அப்படி அடுக்கும்போது ஓபன் கப்பின் தேதிகளை முதலில் குறித்துவிட்டு, லீக் ஆட்டங்களை அதற்குப் பிறகு நிரப்புங்கள். கோப்பை விதிகளின்படி தகுதி பெறும் உங்கள் கிளப்புகள் எல்லாவற்றின் முதல் அணிகளையும் அனுப்புங்கள். பரிசுத்தொகையைப் பற்றிக் கூட்டமைப்போடு சண்டை போட வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள், கோப்பைக்குள் இருந்துகொண்டு.

இப்படிக்கு,
உங்கள் லீகைத் தூக்கம் கெட்டுப் பார்க்கும் ஒரு ரசிகன்