‘கவுன்சலிங்’ போதாது, என்ன சிகிச்சை என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோயைப் (ஓ.சி.டி.) பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் “மனநல ஆலோசகரை அணுகவும்” என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த வரியை நம்பி மாதக்கணக்கில் ஆலோசனைக்குப் போய், மனம்விட்டுப் பேசி, பணத்தையும் செலவழித்துவிட்டு, ‘இது நமக்குத் தீராது’ என்று ஓய்ந்துபோனவர்கள் பலர். அவர்களில் நிறையப் பேருக்குக் கிடைத்தது இந்த நோய்க்கான சிகிச்சையே அல்ல என்பதுதான் வேதனை.

ஓ.சி.டி. எனப்படும் இந்நோய்க்கென்றே உள்ள உளவியல் சிகிச்சையின் பெயர் ஈ.ஆர்.பி. (Exposure and Response Prevention). பயத்தைக் கிளப்பும் விஷயத்தை வேண்டுமென்றே நெருங்க வேண்டும். நெருங்கிய பிறகு கழுவுவது, சரிபார்ப்பது, மனதுக்குள் மந்திரம் சொல்வது என எந்தச் ‘சடங்கையும்’ செய்யாமல் இருக்க வேண்டும். லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் கண்ட பலனை எழுதினார். அதன்பின் பல நாடுகளில் சோதித்து உறுதிசெய்யப்பட்ட முறை இது. ஆனாலும் நம் ஊரில் “ஈ.ஆர்.பி. செய்வீங்களா?” என்று கேட்கத் தெரிந்த குடும்பங்கள் மிகக் குறைவு.

பேருந்துக் கம்பியைத் தொட்டால் கிருமி ஒட்டிக் குழந்தைக்குப் பரவிவிடும் என்று அஞ்சுபவரை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் சிகிச்சையாளர் அவரோடு உட்கார்ந்து ஒரு பயப் பட்டியல் போடுவார். வீட்டுத் தாழ்ப்பாள் 30, செருப்பின் அடிப்பக்கம் 50, பேருந்துக் கம்பி 65, பொதுக் கழிப்பறைக் கதவு 90 என்று நூற்றுக்கு எவ்வளவு என்பதை நோயாளியே சொல்வார். பயிற்சி பெரும்பாலும் 30, 40-இல் தொடங்கும். தாழ்ப்பாளை விரல்நுனியால் தொட்டுவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்திருந்தால் அது பயிற்சி ஆகாது. உள்ளங்கை முழுக்கப் பதிய வேண்டும், அதே கை சட்டையிலும் முகத்திலும் பட வேண்டும், பிறகு கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் விறுவிறுவென்று ஏறும். அது தானாகத் தணியும்வரை, அல்லது தணியாவிட்டாலும் தாங்கிக்கொள்ள முடிகிறது என்று அவருக்கே தெரியும்வரை, காத்திருக்க வேண்டும். ஆகவேதான் ஓர் அமர்வுக்கு 60 முதல் 90 நிமிடம் தேவைப்படுகிறது. பத்தாவது நிமிடத்தில் பாவம் பார்த்துக் கழுவ அனுப்பிவிட்டால், ‘கழுவியதால்தான் தப்பித்தோம்’ என்பதே இன்னும் ஆழமாகப் பதியும். அமர்வில் செய்ததை வீட்டில் தினமும் செய்தாக வேண்டும். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும்.

பலன் வராமல் போவதற்கு முக்கியக் காரணம், கண்ணுக்குத் தெரியாத சடங்குகள். கை கழுவாமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் உள்ளுக்குள் ‘ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது’ என்று எண்ணிக்கொண்டே இருப்பார். அல்லது வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “எதுவும் ஆயிடாதுல்ல?” என்று கேட்பார். அம்மா “ஆகாதுடா கண்ணு” என்றதும் நிம்மதி. கால்மணி நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோலத்தான் இது. பல ஆலோசகர்களும் அறியாமல் அந்த அம்மாவின் வேலையைத்தான் செய்கிறார்கள். வாரம் ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு ஆறுதல் சொன்னால், ஆலோசனையே இன்னொரு சடங்காகிவிடும்.

இன்னும் கவலை தருவது, கெட்ட எண்ணங்களால் அவதிப்படுவோரின் நிலை. பிரசவமான பெண்ணுக்கு அரிவாள்மனையைப் பார்த்ததும் குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வருகிறது. அவர் பதறிப்போய் அரிவாள்மனையையே ஒளித்துவைக்கிறார். தன் எண்ணத்தைக் கண்டு நடுங்குவதே ஓ.சி.டி.யின் அடையாளம். பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) வேறு. குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளும் குழப்பமும் இருந்தால் அது அவசரநிலை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாத ஆலோசகர் “குழந்தையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்” என்றால், அந்தப் பெண் தன்னைக் கொலைகாரி என்றே முடிவுகட்டிவிடுவார். ஈ.ஆர்.பி. தெரிந்தவர் குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு காய் நறுக்கும் நிலைக்கு அவரைப் படிப்படியாகக் கொண்டுவருவார். சந்நிதியில் நிற்கும்போது ஆபாச எண்ணம் வருகிறது என்று கோயில் கோயிலாகப் பரிகாரம் செய்பவர்களுக்கும் இதே வழிதான். யாரும் அவரது பக்தியில் கைவைப்பதில்லை. ஒருமுறை கும்பிட்டுவிட்டு, எண்ணம் வந்தாலும் திரும்பப் போய்க் கும்பிடாமல் வீடு திரும்புவதே பயிற்சி.

சிகிச்சையாளரைத் தேடும்போது முன்பதிவு செய்வதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடலாம். ஓ.சி.டி.க்கு என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள்? பயிற்சியை என்னோடு சேர்ந்து செய்வீர்களா, வெறும் பேச்சுதானா? வீட்டுப் பயிற்சி உண்டா? குடும்பத்தாரிடம் பேசுவீர்களா? முன்னேற்றத்தை எதைவைத்து அளப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘ஒய்-பாக்ஸ்’ என்ற பதில் வந்தால் நல்ல அறிகுறி. ஓ.சி.டி.யின் தீவிரத்தை அளக்கும் கேள்வித்தாள் அது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை மிதமானது, 24-உம் அதற்கு மேலும் கடுமையானது. சில வாரங்களுக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்தால் சிகிச்சை வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். “சின்ன வயசுல நடந்தத தோண்டி எடுத்துட்டா சரியாயிடும்”, “மூணே சிட்டிங்ல ஹிப்னாடிசம்”, “கெட்ட எண்ணம் வந்தா நிறுத்துன்னு மனசுக்குள்ள கத்துங்க” என்ற பதில்கள் வந்தால் வேறு இடம் பாருங்கள். மூச்சுப்பயிற்சி உடம்புக்கு நல்லதே. ஆனால் தாழ்ப்பாளைத் தொட்ட கையோடு பதற்றத்தை அடக்க அதைச் செய்தால், அதுவும் தப்பிக்கும் வழியாகிவிடும்.

இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்பதைப் பதிவு எண் கேட்டுச் சரிபாருங்கள். ஆனால் பதிவு இருப்பதாலேயே ஈ.ஆர்.பி.யில் அனுபவம் இருக்கும் என்று கொள்ள முடியாது. மேலே சொன்ன கேள்விகள் அவருக்கும் பொருந்தும்.

மாத்திரை விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ஃப்ளுவாக்சிடின், செர்ட்ராலின் போன்றவை ஓ.சி.டி.க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவில் தேவைப்படும். முழுப் பலன் தெரிய 10, 12 வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரமே ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மனநல மருத்துவரின் பொறுப்பு; தானாகச் செய்யக் கூடாது. தூக்க மாத்திரை வகைகளை மட்டும் மாதக்கணக்கில் விழுங்குவது இந்நோய்க்குச் சிகிச்சையாகாது.

சடங்குகளுக்குத் தந்துவந்த ஒத்துழைப்பைக் குடும்பத்தார் ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் ரகளைதான் மிஞ்சும். எதை எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். முதல் வாரம், அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருந்தாலே போதும்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. எல்லோராலும் அங்கே போய்த் தங்க முடியாது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர்கள் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே வழி கேட்கலாம். காணொளி வழியாகவும் ஈ.ஆர்.பி. செய்ய முடியும், பயம் குடியிருக்கும் அடுப்படியிலும் குளியலறையிலுமே பயிற்சி நடப்பது உண்மையில் வசதி. ஆனால் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடத்தில் மருந்துச் சீட்டு எழுத முடியுமே தவிர, 90 நிமிடப் பயிற்சி நடத்த முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஈ.ஆர்.பி. பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளரையாவது அமர்த்தி, அவருக்கு வாரம் இரண்டு பிற்பகல்களை இதற்கென்றே அரசு ஒதுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இந்நோயைப் பற்றி எழுதும்போது ஆலோசனை என்பதோடு நிறுத்தாமல் சிகிச்சையின் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.