கரையும் ஆணி எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்

அரச வைத்தியசாலைகளுக்கு மருத்துவச் சாதனங்கள் கொள்வனவு செய்யும் அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

என் தங்கையின் மகனுக்குக் கணுக்காலில் வைத்த ஆணிகளைக் கழற்றும் ஒப்பரேஷன் போன வாரம் மறுபடியும் தள்ளிப்போனது. எலும்பு பொருந்திவிட்டது, பிள்ளை ஓடித் திரிகிறான். வளரும் எலும்புக்குள் உலோகத்தை விட்டுவைக்க வேண்டாம் என்றார் டொக்டர். சரியான முடிவுதான். ஆனால் அதற்குத் திரும்பவும் மயக்கம், திரும்பவும் வெட்டு, திரும்பவும் தையல்.

அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மூதூரிலிருந்து முதல்நாளே வந்து வார்டில் சேர்ந்தார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணீரும் கொடுக்கவில்லை. காலையில் உடுப்பு மாற்றி, கையில் கனுலா ஏற்றிக் காத்திருந்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளை பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றதைப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மத்தியானம் தாண்டி வீதி விபத்தொன்று வந்தது, ஒப்பரேஷன் தியேட்டர் அதற்குப் போனது. உயிருக்குப் போராடுபவருக்குத்தான் முதலிடம், அதில் யாரையும் குறைசொல்ல மாட்டேன். கனுலாவைக் கழற்றி, கிளினிக் கொப்பியில் வேறு திகதி எழுதி அனுப்பினார்கள். தையல் வேலைக்குப் போகும் தங்கைக்கு, போகாத நாளுக்குச் சம்பளமில்லை. "பெரியம்மா, திரும்பவும் ஊசி போட்டு மயக்குவாங்களா?" என்று பஸ்ஸில் பிள்ளை கேட்டுக்கொண்டே வந்தான்.

அந்த இரண்டாவது ஒப்பரேஷனே தேவைப்படாத ஆணிகள் இருக்கின்றன. அவற்றை எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கும் கொள்வனவு செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

நான் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிப்பவள். கரையும் ஆணிகளைச் செய்வது பொலிலக்டிக் அமிலம், பொலிகிளைக்கொலிக் அமிலம் என்ற பொருள்களால். அவற்றின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை உடம்பிலுள்ள நீரே கொஞ்சங் கொஞ்சமாக அறுக்கிறது. மிஞ்சுவது இலக்டிக் அமிலமும் கிளைக்கொலிக் அமிலமும். மூதூர்த் தயிருக்குப் புளிப்பைக் கொடுப்பதும் அதே இலக்டிக் அமிலந்தான். கடைசியில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் வெளியேறிவிடும். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பென்ட்டி ரொக்கானெனும் அவருடைய குழுவினரும் கணுக்கால் முறிவுகளுக்கு இப்படிப்பட்ட ஆணிகளை 1984 இலேயே வைக்கத் தொடங்கினார்கள். எங்கள் தியேட்டர்களில் கரையும் தையல் நூல் அன்றாடம் பாவனையில் இருக்கிறது. அதே இனப் பொருளில் செய்த ஆணியை வார்டில் கேட்டால், "வருவதில்லை" என்கிறார்கள்.

குறைகள் இல்லாத பொருளல்ல. தொடையெலும்பின் பாரத்தை இது தாங்காது. கிளைக்கொலிக் வகை வேகமாகக் கரைவதால் சிலருக்கு வீக்கம் வந்து நீர் வடிந்திருக்கிறது. தனிப் பொலிலக்டிக் கரைந்து முடிய வருடங்கள் எடுக்கும், அதனால்தான் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். எக்ஸ்ரேயிலும் தெரியாது. எந்த முறிவுக்கு எது பொருத்தம் என்று ஒர்த்தபீடிக் வைத்தியர் தீர்மானிக்கட்டும். தீர்மானிக்க அவர் கையில் பொருள் இருக்க வேண்டுமே!

விலை கூட என்பீர்கள். உண்மைதான், உலோக ஆணியைவிட விலை கூடத்தான். இரண்டாவது தடவை தியேட்டர், மயக்க மருந்து, கட்டில், தாய் இழக்கும் கூலி எல்லாவற்றையும் எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள்? 2022 இல் நாடே மருந்துக்குத் தவித்தபோது நாங்களும் பொறுத்துக்கொண்டோம். இன்றும் புதிதாக எது வந்தாலும் கொழும்பில் நின்றுவிடுகிறது. திருகோணமலைக்கு வருவது பழையது, இல்லாவிட்டால் "அனுப்பிவைக்கப்படும்" என்ற கடிதம், அதுவும் பலருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். கிண்ணியாவிலும் புல்மோட்டையிலும் விழுகிற பிள்ளைக்கு உடைவதும் அதே எலும்புதான். இதைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியவில்லை, பொறுத்தருளுங்கள்.

இன்னொன்று. வாங்கினால், அனுப்பும் விதத்தையும் பாருங்கள். சூடும் ஈரமும் இதைப் பையிலேயே பழுதாக்கும், கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. எங்கள் கடற்கரை வெக்கையில் குளிரூட்டாத ஸ்டோரில் கிடந்தால் காசு வீண்.

ஆகவே, மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் ஒழுங்குபடுத்தும் 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவுபெற்ற கரையும் ஆணிகளை, முதலில் சிறுவர் கணுக்கால் முறிவுகளுக்காவது, அடுத்த வருடக் கொள்வனவு மதிப்பீட்டில் சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தைத் தமிழில் எழுதி அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
திருகோணமலை