பகடை வேண்டாம், ஆளுக்கு 27 புளியங்கொட்டை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக மாறி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கேரக்டரின் வலிமை, புத்தி மாதிரி ஆறு குணங்களுக்கும் எண் வைப்பதற்கு மூன்று பகடையை ஆறு தடவை உருட்டி, விழுந்ததை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பாம்பன்காரி. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், பிள்ளைகளுக்கும் லீவு. போன தடைக்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்து என் வீட்டுத் திண்ணையில் இந்த விளையாட்டை நடத்தினேன். ஒரு செயல் பலிக்குமா என்று பார்க்க உருட்டும் இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? 1 முதல் 20 வரை சீட்டு எழுதி, பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். குருசடைத் தீவுப் பக்கம் மூழ்கிய ஒரு கப்பலைத் தேடிப் போவதுதான் கதை.

நானும் முதலில் உருட்டத்தான் சொன்னேன். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது அதுதான் முறை. மூன்று பகடையின் சராசரி 10.5. 18 விழ 216-ல் ஒரே ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடும் வழி பின்னால் வந்தது. அதில் சராசரி 12-ஐத் தாண்டும், ஆனால் அதிர்ஷ்டக்காரப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் நடுவில் உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

அந்தப் பள்ளத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விழுந்தாள். அவள் ஆச்சி கடல்பாசி எடுக்கப் போகிறவர். முத்தும் சங்கும் குளித்த காலத்துக் கதைகளைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். அதனால் தன் கேரக்டர் சங்கு குளிக்கிறவளாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஒரே பிடிவாதம். உருட்டினாள். வலிமை 7, சுறுசுறுப்பு 9, உடல்தெம்பு 6, புத்தி 11, விவேகம் 8, வசீகரம் 10. இன்றைய விதிப்படி தண்ணீருக்குள் மூச்சடக்குவது உடல்தெம்பைப் பொறுத்தது. 10 இருந்தால் ஒரு நிமிடம், 14 இருந்தால் மூன்று நிமிடம். 6-க்கு அரை நிமிடம்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வலிமை 16, உடல்தெம்பு 14. சங்கு குளிக்கப் பிறந்தவள் மேலே நிற்க, அவன் இறங்கிக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டு நாளும் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “நான் படகைப் பாத்துக்கிறேன் டீச்சர்.”

தாயத்தில் இது சகஜம். தாயம் விழாதவரை காய் இறங்காது, உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். ஆனால் தாயம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கேரக்டரோ லீவு முழுக்க, சில வீடுகளில் வருடக்கணக்கில் கூடவே வரும். முதல் நாள் விழுந்த 6-ம் கூடவே வரும்.

மூன்றாம் நாள் ஆளுக்கு 27 புளியங்கொட்டை எண்ணிக் கொடுத்தேன். அந்த 27 என் கண்டுபிடிப்பு கிடையாது, 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இருக்கிற கணக்கு. எல்லாருக்கும் ஆறும் 8-ல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு கொட்டை. 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. அதற்கு மேல் வாங்க முடியாது. பையன் யோசிக்காமல் மூன்று 15 வாங்கினான். மூவொன்பது இருபத்தேழு, கொட்டை காலி, மிச்ச மூன்றும் 8.

அவள் கொட்டைகளைத் திண்ணையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “டீச்சர், 14 இருந்தாலும் சீட்டுல வர்ற எண்ணோட ரெண்டுதான் கூட்டுறோம், 15 இருந்தாலும் ரெண்டுதான். அப்ப 15 எதுக்கு?” என்றாள். உடல்தெம்பு, சுறுசுறுப்பு, புத்தி மூன்றிலும் 14 வாங்கினாள், 21 கொட்டை. மீதி ஆறில் விவேகம் 12, வசீகரம் 10. வலிமை மட்டும் 8-லேயே நின்றது. (அந்த 2014 விதியில் மனிதர், குள்ளர் என்று கேரக்டரின் இனத்துக்கு இனம் தனியாகப் புள்ளி கூடும். அதைச் சேர்த்தால் 15-க்கும் பலன் உண்டு. நாங்கள் அதைச் சேர்க்கவில்லை.) மூன்று நிமிடம் மூச்சடக்கினாள். கப்பல் மணியை எடுத்து வந்தவள் அவள்தான்.

எண் சமமானால் மட்டும் போதாது, ஆளுக்கொரு வேலையும் வேண்டும். தொடக்கத்தில் மந்திரவாதி ஒரே வெட்டில் விழக்கூடியவன், பெரிய மந்திரமும் நாளுக்கு இரண்டு மூன்று தடவைதான். ஆனால் தூங்கவைக்கும் மந்திரம் பலித்தால் சண்டையே முடிந்துவிடும். வாள் பிடித்தவன் நாள் முழுக்க வெட்டலாம். ஐந்து பிள்ளைகளும் வாள்தான் வேண்டும் என்று நின்றபோது, வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு படகு டிரைவர் தலை நிமிராமலே கேட்டார்: “அஞ்சு பேரும் ஸ்டீரிங்க புடிச்சா வலைய யாருடா இழுக்கிறது?” அதற்கப்புறம் பிள்ளைகளே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு ஒரு சின்னக் கட்டம் கட்டி இதைப் போடுங்கள்: 8-க்கு ஒன்றும் இல்லை, 9-க்கு 1, 10-க்கு 2, 11-க்கு 3, 12-க்கு 4, 13-க்கு 5, 14-க்கு 7, 15-க்கு 9. ஆளுக்குச் செலவழிக்க மொத்தம் 27 கொட்டை. கணக்குப் போடத் தெரியாத சின்னப் பிள்ளைகள் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறையும் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம், அதுவும் சரியாக 27-தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.