அந்த டிபன் பாக்ஸ்

பாப்பாவுக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து போனில் "சாப்பிட்டீங்களா, பிபி மாத்திரை போட்டீங்களா" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. நானும் "போட்டேன்மா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் குரல் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய டைரிகள் ஒரு சாக்கு மூட்டையில் கிடைத்தன. வரவு செலவுதான் எழுதுவேன், உனக்குத் தெரியும். 2003-ஆம் வருட டைரியை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தேன் என்று பொங்கலன்று நான் சொல்ல, வரவே இல்லை என்று நீ சொன்னாயே, அது தப்பு என்று காட்டத்தான் எடுத்தேன், அதையும் மறைக்கவில்லை. பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "திருச்சி. பயிற்சி இரண்டாம் நாள். லாட்ஜ் 120. சாப்பாடு 35. பாப்பாவுக்கு இன்று ஆண்டு விழா. போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை."

நான் வரவில்லை பாப்பா. நீ சொன்னதுதான் சரி.

ஆனால் பொங்கலன்று நான் பொய் சொல்லவில்லை என்பதையும் நீ நம்ப வேண்டும். எனக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே கண்ணில் நிற்கிறது. பள்ளி மைதானத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நிற்கிறேன். நீ திருக்குறள் ஒப்புவித்தலுக்கு முதல் பரிசு வாங்குகிறாய். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. உன் மோவாயை மைக் பாதி மறைக்கிறது.

அந்த மைக்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தது. ஆல்பத்தைப் புரட்டினேன். உன் மாமா வேப்பமரத்தடியில் நின்று எடுத்த போட்டோவிலும் அதே மைக், அதே பாதி மோவாய். என் மனதில் இருப்பது மாமாவின் கேமரா பார்த்த காட்சி. ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்பியதும் அம்மா சொன்ன கதையும், பத்து நாள் கழித்துக் கழுவி வந்த போட்டோவும், சமையலறையில் இன்றும் புளி போட்டு வைத்திருக்கும் அந்த டிபன் பாக்ஸும் சேர்ந்து எனக்கு ஒரு நினைவைக் கட்டிக் கொடுத்துவிட்டன. நான் அதில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதை நான்தான் பயிற்சி நிறுவனத்தில் பாடமாக நடத்தினேன். பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் எலி என்று நடத்தைக் கோட்பாட்டை முடித்துவிட்டு அறிதல் கோட்பாட்டுக்கு வருவேன். வெளியே தெரியும் தூண்டலும் அதற்கு வரும் பதிலான துலங்கலும் போதும், நடுவில் மனதுக்குள் நடப்பது ஆராய்ச்சிக்கு ஆகாது என்று இருந்தவர்களிடம், அந்த நடுவில்தான் விஷயமே இருக்கிறது என்று சொன்னவர்கள் அறிதல் கோட்பாட்டுக்காரர்கள். கவனித்தல், மனத்திலிருத்துதல், மீட்டுக்கொணர்தல் என்று கரும்பலகையில் பெட்டி பெட்டியாகப் போட்டு அம்புக்குறி இழுப்பேன். பீரோவில் வைத்த புடவையை எடுப்பது போல நினைவை எடுப்பதில்லை, எடுக்கும்போதெல்லாம் புதிதாக நெய்கிறோம் என்று கேம்பிரிட்ஜின் உளவியலாளர் பார்ட்லெட் 1932-லேயே காட்டியதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இதைத்தான் பொங்கலன்று உன்மேல் தூக்கி எறிந்தேன். லோஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் 1974-இல் செய்த பரிசோதனையை, நீ தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சொன்னேன். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, சிலரிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "நொறுங்கிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். "இடித்த" என்பதற்கு 7 பேர்தான். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. "அது மாதிரிதான்மா உனக்கும்" என்றேன். நீ குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாய். அப்பா வந்தேனா இல்லையா என்பதைவிட அந்த ஒரு வார்த்தைதான் உன்னை அதிகம் காயப்படுத்தியிருக்கும். படித்த படிப்பை வைத்து ஒரு குழந்தையின் காத்திருப்பை இல்லை என்று ஆக்கப் பார்த்தேன். அது பெரிய தப்பு.

உல்ரிக் நைசர் என்று ஒருவர். 1967-இல் இவர் எழுதிய புத்தகத்தால்தான் அறிதல் உளவியல் என்ற பெயரே நிலைத்தது. அவருக்கே இப்படி ஒரு நினைவு இருந்தது. 1941 டிசம்பர் 7, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாக வருஷக்கணக்கில் நம்பினார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. டிசம்பரில் அமெரிக்காவில் யாரும் பேஸ்பால் ஒலிபரப்ப மாட்டார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

அப்புறம் 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். கால்வாசிப் பேர் சொன்னதில் முக்கியமான ஒரு விவரம்கூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை. அவரவர் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை.

இந்த ஆராய்ச்சியை எத்தனை தடவை வகுப்பில் சொல்லியிருப்பேன்! என் கையெழுத்து என் மடியில் கிடந்தபோதுதான் அந்தப் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று புரிந்தது. "திருச்சி" என்று எழுதியிருக்கிறது. அந்த லாட்ஜ் அறை எனக்குத் துளிகூட ஞாபகம் இல்லை. கண்ணை மூடினால் இப்போதும் வேப்பமரம்தான் வருகிறது. அது போகாது போலிருக்கிறது. ஆனால் இனிமேல் அதை நான் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் டைரியைக் காட்டினேன். படித்துவிட்டு, "அன்னைக்கு அவ சாப்பிடாமத் தூங்கிட்டா, நீங்க வந்ததும் சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றாள். இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது.

டைரியின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். சித்திரைக்கு லீவு கிடைத்தால் வா. பரிசு வாங்கும்போது கூட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்தாய், விழா முடிந்து எவ்வளவு நேரம் நின்றாய், யார் உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தது, எல்லாவற்றையும் உனக்கு ஞாபகம் இருக்கிறபடி சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

அப்பா