வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வரி அனுப்புங்க

சென்னையில இருக்கற தமிழ்ப் பதிப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள்ல ஒருத்தரோட ஆபீசுக்கு நேர்லயே போயிருந்தேன், 14 மாசம் முன்னாடி குடுத்த என் மொத நாவல் என்னாச்சுன்னு கேக்கத்தான். ஒரு தம்பி உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்தாரு. ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பிரவுன் கவர்ல வெச்சு, சணல் கயிறால ரெட்டை முடிச்சுப் போட்டுக் குடுத்திருந்தேன். அந்த முடிச்சு அப்படியே இருந்துச்சுங்க, மேல தூசி வேற. "சார் இன்னும் படிச்சிட்டிருக்காரு மேடம்"னு சொல்றப்ப அந்தத் தம்பி என் முகத்தைக் கூட பாக்கல.

படிச்சிட்டுப் பிடிக்கலைன்னா ரெண்டு நாள் அழுதுட்டுத் திருத்த உக்காந்திருப்பேன்.

தனி நாவல்னா பரவால்ல, அடுத்த கதைக்குப் போயிடலாம். இது நாலு பாகம். தாது வருஷப் பஞ்சத்துல, 1877-78ல, பஞ்ச நிவாரண வேலைன்னு ஆளுங்கள வெச்சு கூவத்தையும் அடையாறையும் இணைச்சு பக்கிங்காம் கால்வாய வெட்டினாங்களே, அங்க மண் சுமந்த ஒரு குடும்பம்தான் மொத பாகம். கடைசி பாகத்துல அதே கால்வாய்க்குள்ள பறக்கும் ரயிலுக்குத் தூண் எறங்குது. மொத பாகத்துல மூத்த பையன் செத்துப் போறான், அது வேண்டாம்னு எடிட்டர் சொன்னா ரெண்டாம் பாகமே வேற கதை, அதனால அதுல 3 அத்தியாயத்தோட நிக்கறேன். நானே காசு போட்டு அச்சடிச்சா, அப்புறம் ரெண்டாம் பாகத்த மட்டும் யாருங்க எடுப்பீங்க? முடிவு சொல்ற வரைக்கும் வேற யார்கிட்டயும் குடுக்காதீங்கன்னு சொன்னதும் நீங்கதானே.

ஒரு வரி பதில், அவ்ளோதான் கேக்கறேன்.

ஜனவரி புத்தகக் கண்காட்சி முடியட்டும், நூலக ஆர்டர் வரட்டும், பேப்பர் விலை ஏறிப்போச்சு, எல்லாம் நெஜம்தான், உங்க கஷ்டம் புரியுது. இங்கிலாந்து மாதிரி ஊர்ல எழுதறவங்களுக்காகப் பதிப்பாளர்கிட்ட பேச லிட்ரரி ஏஜென்ட் இருக்காங்க, மொத மூணு அத்தியாயமும் கதைச்சுருக்கமும் ஒரே நேரத்துல பல பேருக்கு அனுப்பலாம். நமக்கு நடுவுல யாருமே இல்ல. 2023 ஜனவரில நந்தனத்துல பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்தி, தமிழ்ப் புத்தகங்கள வெளிநாட்டு மொழிகளுக்குக் கொண்டு போகணும்னாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, ஆனா அது மொதல்ல தமிழ்ல புத்தகமா வரணுமே. வர்ற கதைக் கட்டையே பிரிக்கலன்னா எங்க போறது?

கோவத்துல கொஞ்சம் அதிகமாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. வாங்கி வெச்ச கதைக்கு மூணு மாசத்துல பதில் சொல்லிடுங்க. இல்ல, படிக்க நேரமில்லன்னா வாங்கும்போதே சொல்லிடுங்க. வாட்ஸ்அப்ல "வேண்டாம்"னு வந்தா கூட போதும், தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
மந்தைவெளியிலிருந்து ஒரு புது எழுத்தாளர்