அவர் பண்ணையார் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அயர்லாந்துப் பயணக் கட்டுரையில், மேயோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 'பண்ணையார்' ஒருவர் இறந்துபோனதையும், அந்தச் சாவு வீட்டில் ஊரே கூடிக் குடித்துக் களித்ததையும் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருக்கிறார். அந்த ஊரில் 18 ஆண்டுகளாகக் குடியிருக்கும் செவிலி நான். இறந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். கட்டுரையாளர் அந்த வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றார். நான் இரண்டு நாளும் அங்கே தேநீர்க் கோப்பை கழுவினேன்.

பண்ணையார் என்றதும் நம் வாசகர் மனத்தில் எந்த உருவம் எழும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. இவருக்கு இருந்தவை முப்பது ஏக்கரும், அதில் பாதி கோரை மண்டிய ஈர நிலமும், பத்துப் பன்னிரண்டு மாடுகளும்தான். கூலியாள் ஒருவர்கூடக் கிடையாது. மணம் செய்துகொள்ளாத அந்த மனிதர், 79 வயதிலும், மாடு கன்று ஈனும் இரவுகளில் தொழுவத்தில் தாமே விழித்திருந்தார். நிலக்கிழார்களை எதிர்த்து 1879இல் நிலச் சங்கம் தொடங்கப்பட்ட காசில்பார் இதே மேயோவில்தான் இருக்கிறது. அச்சங்கத்தை முன்னின்று நடத்திய மைக்கேல் டேவிட், நான்கு வயதில் குடும்பத்தோடு குடிசையிலிருந்து வெளியேற்றப்பட்டதும் இங்குள்ள ஸ்ட்ரேட் கிராமத்தில்தான். 1880இல் பாய்காட் என்ற காரியஸ்தரை ஊரார் ஒதுக்கிவைத்து, நாம் இன்றும் புழங்கும் ஒரு சொல்லை உலகுக்குக் கொடுத்ததும் இங்கேதான். உலகில் வேறெந்த ஊரைப் பற்றி எழுதும்போது வேண்டுமானாலும் 'பண்ணையார்' என்ற சொல்லைத் தவறிப் பயன்படுத்தியிருக்கலாம்.

இது முதல் முறையும் அன்று. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தைப் பற்றி முன்பு தாங்கள் வெளியிட்ட கட்டுரை, உருளைக்கிழங்கு அழுகியது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள் என்பதோடு முடிந்துவிட்டது. அந்நாளிலும் தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டிருந்ததையும், நிவாரணத்தைச் சுருக்கிய லண்டன் கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் நம் சென்னைக்கே கவர்னராக வந்து சேர்ந்ததையும் எழுதி அனுப்பியிருந்தேன். கடிதம் வெளிவந்தது, கப்பலும் இல்லை, டிரெவெல்யனும் இல்லை. இடமின்மை என்று எடுத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் முறுக்குக் கம்பி விளம்பரத்துக்கு முழுப்பக்கம் இருந்தது.

இறந்தவர் அதிகம் பேசாதவர். எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வணக்கமும் நலம் விசாரிப்பும் அதிலேயே அடக்கம். 2010 கிறிஸ்துமஸ் அன்று ஸ்ட்ரேடில் குளிர் உறைநிலைக்குக் கீழே 17.5 டிகிரி வரை இறங்கியது. எனக்குப் பகல் பணி, கார் கிளம்பவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை, ஆனால் அவருடைய டிராக்டர் வாசலில் வந்து நின்றது. அவருடைய நாயும் நானும் கதவோரம் ஒடுங்கிக்கொள்ள, பதினொரு மைல் வழியில் அவர் வாயிலிருந்து வந்தது 'குளிர்தான்' என்ற ஒரே சொல். இரவு எட்டரைக்கு மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபோதும் அதே டிராக்டர் நின்றிருந்தது. நன்றி சொல்லப் போனேன். நாய்க்குப் பசி என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அந்த மனிதரின் சாவைத்தான் களியாட்டம் என்கிறது தங்கள் இதழ். உள்ளூர் வானொலியில் அறிவிப்பு வாசிக்கப்பட்ட மாலையே, அவருடைய மாடுகளுக்குத் தீனி வைப்பது யார், கார்களை ஒழுங்குபடுத்துவது யார் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. குழி வெட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர், அக்கம்பக்கத்து ஆண்கள் ஆறு பேர். மழையில் முற்றம் தாண்டிச் சாலை வரை நின்ற வரிசை, ஒவ்வொருவராக அவர் தங்கையின் கையைப் பற்றி, வழக்கமான அந்த ஒற்றை வரியில் துக்கம் விசாரித்து, சவப்பெட்டியில் கிடந்த அவருடைய விரல்களைத் தொட்டு நகர்ந்தது. விஸ்கி இருந்தது, நான் மறைக்கவில்லை. அடுக்களை மேசையில் ஒரு புட்டி, குழி வெட்டி நனைந்து வந்தவர்களுக்காக. சிரிப்பும் இருந்தது. விற்க மனம் வராமல் ஒரே கன்றை மூன்று முறை சந்தைக்கு ஓட்டிப்போய் மூன்று முறையும் திருப்பிக் கொண்டுவந்தாரே, அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். நம் ஊர்ச் சாவு வீட்டு வாசல் பெஞ்சில் எவரும் சிரித்ததில்லையா? நம் பறையையும் ஆட்டத்தையும் கால் மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் இப்படி எழுதியிருந்தால், தாங்கள் தலையங்கமே எழுதியிருப்பீர்கள்.

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், 'பண்ணையார் என்பதை விவசாயி என்று திருத்தி வாசிக்கவும்' என்று ஒரு வரி போட்டால் போதும். கட்டுரையில் அந்த வீட்டின் படம் வந்திருப்பதால், இதழை அவர் தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திருத்தம் வந்ததும் படித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
மேயோ, அயர்லாந்து.