செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும், வார்டில் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாணவர்களுக்கு மன அழுத்தம் என்ற பேச்சு வந்தாலே ஆளைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு போட்டுவிடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது வார்டில் அரைமணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும்.

முதல் முறை கேனுலா (மருந்து ஏற்ற வெயின் என்ற ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடும் மாணவியைப் பாருங்கள். பொம்மைக் கையில் நன்றாகப் பழகியவள்தான். இங்கே இருப்பதோ வயதானவரின் கை. தோல் மெலிந்து, தொட்டாலே வெயின் நழுவி ஓடுகிறது. ஊசி உள்ளே போய்விட்டது, ரத்தம் வரவில்லை. அப்போது பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "இதுகூடத் தெரியாமலா மூணாவது வருஷம் வந்தே?" நோயாளி கையை இழுத்துக்கொள்கிறார். அப்புறம் யாருக்குத்தான் கை நடுங்காது?

திட்டினால்தான் கற்றுக்கொள்வார்கள் என்பீர்கள். கற்றுக்கொள்கிறார்கள், தவறு நடந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று. மருந்து விஷயத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நேற்று முளைத்த பிரச்சினையும் அல்ல. லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பணியை ஆராய்ந்து 1960-இல் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சிஸ் எழுதியிருக்கிறார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் குறிப்பிடுவது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, மாணவிகளை அடிக்கடி வார்டு மாற்றுவது எல்லாம் நோயையும் சாவையும் பக்கத்தில் பார்க்கும் பதற்றத்தைத் தள்ளிவைக்க நிர்வாகம் பழகிக்கொண்ட வழிகள், அவற்றால் பதற்றம் தீரவில்லை என்றார். "பத்தாம் பெட் லிவர் கேஸ்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லையே!

கண்ணெதிரே முதன்முதலாக ஒருவர் இறந்து, உடலைத் துடைத்துக் கட்டி அனுப்பிய மாணவி, மறுநாள் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிற்கிறாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

நோயாளிக்கு ஆபத்து என்றால் அந்த இடத்திலேயே தடுங்கள், அது வேறு. மற்றபடி திருத்துவதைத் தனியாக அழைத்துச் செய்யலாம். இறப்பு நடந்த டியூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவிடுங்கள். நைட் டியூட்டி முடித்தவரைக் காலை வகுப்புக்குக் கூப்பிடாதீர்கள். ஆள் இல்லை என்று நாள் முழுக்க டிராலி தள்ளவும் சாம்பிள் கொண்டுபோகவும் அனுப்பிவிட்டு, கடைசியில் கையெழுத்து குறைகிறது என்று, செய்த பயிற்சிகளைப் பதியும் லாக் புக்கைத் திருப்பித் தருவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
பணியில் இருக்கும் ஒரு செவிலியர்